சராசரிக்குள் மறையும் சங்கிலிகள்: தோல் தொழிலின் கோபாலிமர்களைப் பிரித்து எடைபோடுதல்

ஒரே சங்கிலியில் இரண்டோ அதற்கு மேலோ வகை மோனோமர்கள் கோக்கப்பட்டு உருவாகும் பலபடிக்குக் கோபாலிமர் என்று பெயர். பாலாற்றை ஒட்டி வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் வட்டாரத்தில் இது அன்றாடச் சரக்கு. குரோமியத்தால் பதனிட்ட வெட் ப்ளூ தோலின் தளர்ந்த பகுதிகளை நிரப்ப டிரம்மில் ஊற்றப்படும் அக்ரிலிக் சின்டான் என்ற ரீடேனிங் பொருள் ஒரு கோபாலிமர். ஃபினிஷிங்கில் நிறமியைத் தோலின் மேல் பிடித்துவைக்கும் பைண்டர் இன்னொன்று. நுரையடக்கும் பொருள்களில் பலவும், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆர்.ஓ. சவ்வில் உப்புப் படியாமல் காக்கும் மருந்துகளில் பலவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆம்பூரின் ஷூ தொழிற்சாலைகளில் ஈ.வி.ஏ. சோல் எத்திலீனும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்தது; டி.பி.ஆர். சோலின் அடிப்படை ஸ்டைரீன், பியூட்டாடையீன், ஸ்டைரீன் என்று மூன்று துண்டுகளாக அமைந்த சங்கிலி.

இவை இந்த வட்டாரத்துக்குள் நுழைந்ததில் அரசின் ஏற்றுமதிக் கொள்கைக்கும் பங்கு உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில், பாதி முடிந்த நிலையிலேயே சரக்கு கப்பலேறிய காலம் நெடியது. 1972இல் அமைந்த சீதாராமய்யா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு பச்சைத் தோலுக்கும் பாதி பதனிட்ட தோலுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு வந்தது. முடித்த தோலாகவோ காலணியாகவோ அனுப்ப வேண்டிய நிலையில், ரீடேனிங் (மறுபதனிடல்), ஃபேட்லிக்கர் (எண்ணெயூட்டல்), ஃபினிஷிங் ஆகிய மூன்றும் உள்ளூரிலேயே நடந்தாக வேண்டியிருந்தது. அவற்றோடு செயற்கைப் பலபடிகளும் பெருகின.

அறிவியலும் சும்மா இருக்கவில்லை. சென்னை அடையாற்றில் 1948இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கே. பாண்டுரங்க ராவ், கே. தாமஸ் ஜோசப், ஒய். நாயுடம்மா ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் சீரிக் அயனியைத் துவக்கியாகக் கொண்டு கொலாஜன் மீதே வினைல் மோனோமர்களை வளர்த்து ஒட்டுக் கோபாலிமர்களைச் செய்து ஆராய்ந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பலபடி வேதியியலுக்கு ஒரு பள்ளியையே உருவாக்கிய எம். சந்தப்பா பின்னாளில் அந்த நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். ஒட்டுக்கிளைகளின் நீளத்தை அறிய அக்காலத்தில் இருந்த வழி எளியது: கொலாஜனை அமிலத்தில் நீராற்பகுத்து நீக்கி, மிஞ்சிய கிளைகளைக் கரைத்துப் பிசுக்குமை அளப்பது. கிடைப்பது ஒரே ஓர் எண். கோபாலிமர் பகுப்பாய்வு அதன்பின் கடந்து வந்த தூரம் முழுவதும் அந்த ஒற்றை எண்ணை உடைத்துப் பார்க்கும் முயற்சிதான்.

கலவையாக இருப்பதே இயல்பு

புரதத்தின் ஒவ்வொரு மூலக்கூறும் அதே வகையின் மற்றொன்றைப் போலவே இருக்கும். செயற்கைக் கோபாலிமர் அப்படியன்று. மல்லிகையும் கனகாம்பரமும் கலந்து பலர் அவசரத்தில் தொடுத்த சரங்களைப் போல, ஒரே பாத்திரத்தில் பிறந்த சங்கிலிகள் நீளத்தில் வேறுபடும், இரு பூக்களின் விகிதத்தில் வேறுபடும், அவை அடுக்கப்பட்ட வரிசையில் வேறுபடும், முனையில் போட்ட முடிச்சிலும் வேறுபடும். வேதியியலின் சொற்களில் இவை மூலக்கூறு நிறைப் பரவல், வேதி இயைபுப் பரவல், வரிசைப் பரவல், முனைத்தொகுதிப் பரவல். கிளைகள் உண்டானால் வடிவமும் சேர்ந்துகொள்ளும்.

இவற்றுள் தோல் தொழிலுக்கு அதிகம் தொல்லை தருவது இயைபுப் பரவல். அதன் மூலகாரணத்தை 1944இல் மேயோ, லூயிஸ் இருவரும் ஒரு சமன்பாடாக எழுதினர். வளரும் சங்கிலியின் நுனி இரு மோனோமர்களையும் ஒரே ஆர்வத்துடன் ஏற்பதில்லை. எதை எவ்வளவு விரும்பும் என்பதை வினைத்திறன் விகிதங்கள் சொல்கின்றன. மெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு அந்த விகிதம் ஏறக்குறைய 2 என்றும் பியூட்டைல் அக்ரிலேட்டுக்கு ஏறக்குறைய 0.35 என்றும் கொண்டால், எடையில் 70 பங்கு பியூட்டைல் அக்ரிலேட்டும் 30 பங்கு மெத்தில் மெத்தாக்ரிலேட்டும் ஒரேயடியாக ஊற்றிய பாத்திரத்தில் முதலில் பிறக்கும் சங்கிலிகள், கணக்குப்படி, எடையில் பாதிக்குப் பாதியாக இருக்கும். கடினமான மோனோமர் முன்னதாகவே செலவாகிவிடுவதால் கடைசியில் பிறப்பவை ஏறக்குறைய முழுவதும் பியூட்டைல் அக்ரிலேட். மோனோமர்களைச் சிறிது சிறிதாக, வினைபுரியும் வேகத்துக்கு மேல் போகாமல் ஊட்டினால் இந்தச் சரிவு வராது. ஒவ்வொரு சங்கிலியும் 70க்கு 30ஐ ஒட்டியே இருக்கும்.

இரண்டு பாத்திரங்களின் சராசரியும் ஒன்றே. அகச்சிவப்பு நிறமாலை இரண்டையும் ஒன்றெனக் காட்டும். என்.எம்.ஆர். கூட மொத்த விகிதத்தை அளவிட்டு இரண்டுக்கும் ஒரே விடை தரும். வரிசையில் உள்ள வேறுபாட்டைத் தேடிப் பார்த்தாலொழிய அதில் ஐயம் எழாது. ஆனால் தோல்மேல் படலமாகும்போது இரண்டும் ஒன்றல்ல. பியூட்டைல் அக்ரிலேட்டின் தனிப் பலபடி −54 டிகிரி செல்சியசில் கண்ணாடி நிலையிலிருந்து இளகும்; மெத்தில் மெத்தாக்ரிலேட்டின் பலபடிக்கு அது 105 டிகிரி. ஃபாக்ஸ் சமன்பாட்டின்படி 70க்கு 30 கலவைக்கு −22 டிகிரி வர வேண்டும். சீராக ஊட்டிய பைண்டர் அதையொட்டி நடந்துகொள்ளும். மொத்தமாக ஊற்றியதில் ஒரு பங்கு சங்கிலிகள் சூடான பிளேட்டில் ஒட்டும். இன்னொரு பங்கு குளிர்நாட்டில் ஷூ மடியும் இடத்தில் விரிசல் காணும். பேரல் லேபிளில் அச்சிட்டிருக்கும் திடப்பொருள் விழுக்காடு, பி.எச்., ‘அக்ரிலிக் கோபாலிமர்’ என்ற பெயர் ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டைத் தொடுவதே இல்லை.

ரீடேனிங் பொருளில் நீளமும் சேர்ந்து கணக்கில் வரும். அக்ரிலிக் அமிலம், மெத்தாக்ரிலிக் அமிலம் ஆகியவற்றின் கார்பாக்சில் தொகுதிகள் தோலில் உள்ள மூவிணைதிறன் குரோமியத்தோடு பிணைகின்றன. குட்டைச் சங்கிலிகள் நார்களுக்கிடையே ஊடுருவும். நெட்டைச் சங்கிலிகள் மேற்பரப்பை ஒட்டியே நின்று கிரெய்னை இறுக்கும். ஸ்டைரீனும் மலேயிக் அன்ஹைட்ரைடும் சேர்ந்த கோபாலிமர்களும் இந்த வேலைக்கு வருகின்றன. இந்த இணை ஒரு விதிவிலக்கு: இரண்டும் தம்மோடு தாம் சேர விரும்பாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகவே கோத்துக்கொள்ளும். மலேயிக் அன்ஹைட்ரைடை இராணிப்பேட்டை சிப்காட்டிலேயே திருமலை கெமிக்கல்ஸ் உற்பத்தி செய்துவந்திருக்கிறது என்பதும் குறிப்பிடத்தக்கது.

அளவால் பிரித்தல், இயைபால் பிரித்தல்

நீர்ம வண்ணப்பிரிகையில் கரைசல் ஒரு பிரிகைக்குழாயின் வழியே தள்ளப்படுகிறது. குழாய்க்குள் நிரப்பியிருக்கும் துகள்களோடு எந்த மூலக்கூறு எப்படி உறவாடுகிறது என்பதைப் பொறுத்து அது முன்னதாகவோ பின்னதாகவோ வெளியேறும். பலபடிகளுக்கு முதலில் கைகொடுத்தது துளைகளின் அளவு. 1964இல் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் ஜே. சி. மூர் குறுக்கிணைந்த பாலிஸ்டைரீன் ஜெல்லை நிரப்பிச் செய்த முறை இன்றும் ஜி.பி.சி. என்ற பெயரில் வழங்குகிறது. பெரிய சுருள் துளைக்குள் நுழைய முடியாமல் முதலில் வரும். சிறியது எல்லாத் துளைகளிலும் புகுந்து தாமதமாக வரும்.

கோபாலிமரில் இம்முறை ஏமாற்றும். துளை அறிவது கரைசலில் சுருள் அடைத்துக்கொள்ளும் பருமனை மட்டுமே. இயைபு மாறினால் அதே நிறை வேறு பருமனாக விரியும். ஆகவே ஒரே நேரத்தில் வெளிவரும் சங்கிலிகளில் நீளமும் இயைபும் வேறுபட்டவை கலந்திருக்கும். 1967இல் ஸ்ட்ராஸ்பர்கில் பெனுவா குழுவினர் பிசுக்குமையையும் நிறையையும் பெருக்கி வரைந்த பொது அளவுகோல் பல வகைப் பலபடிகளை ஒரே கோட்டில் நிறுத்தியது உண்மை. ஆனால் ஒரு துளிக்குள்ளேயே கலந்திருப்பவற்றை அதனாலும் பிரிக்க முடியாது. பாலிஸ்டைரீனைக் கொண்டு அளவுகோல் அமைத்துவிட்டு அக்ரிலிக் பைண்டருக்கு நான்கு இலக்கத் துல்லியத்தில் மூலக்கூறு நிறை எழுதும் பரிசோதனைச் சான்றுகள் ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும்.

இயைபைப் பிரிக்க வேண்டுமென்றால் துளையை மறந்து ஈர்ப்பை நம்ப வேண்டும். டிரெஸ்டனில் கோட்ஃப்ரீட் குளோக்னர் வளர்த்தெடுத்த சரிவுக் கழுவல் முறை இதற்கு. கோபாலிமர் முதலில் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைக்கப்பட்டு, அதைக் கரைக்காத நீர்மம் ஓடும் குழாயின் தலையில் செலுத்தப்படுகிறது. பலபடி அங்கேயே வீழ்படிவாகி நின்றுவிடும். பிறகு நல்ல கரைப்பானின் பங்கு நிமிடத்துக்கு நிமிடம் உயர்த்தப்படும். ஒவ்வொரு சங்கிலியும் தனக்கேற்ற கலவை வந்ததும் கரைந்து நகரும். சி18 குழாயில் அசிட்டோநைட்ரைலிலிருந்து டெட்ராஹைட்ரோஃபியூரானுக்குச் சரியும் ஓட்டத்தில் பியூட்டைல் அக்ரிலேட் மிகுந்த சங்கிலிகள் பின்தங்கும். நிறை போதுமான அளவு பெரிதாக இருந்தால் நீளத்தின் செல்வாக்கு மங்கி இயைபு மட்டுமே நேரத்தைத் தீர்மானிக்கும். மேலே சொன்ன இரண்டு பைண்டர்களில் சீராக ஊட்டியது குறுகிய ஒரே முகடாகவும், ஒரேயடியாக ஊற்றியது அகன்ற மேடாகவும் வரும். சராசரி மறைத்த வேறுபாடு இங்கே வெளிப்படுகிறது.

செய்து பார்க்கிறவர் கவனிக்க வேண்டியவை சில. செலுத்தும் துளி பெரிதானால் அதிலுள்ள நல்ல கரைப்பானே பலபடியின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு குழாயைக் கடந்துவிடும். தொடக்கத்தில் ஒரு போலி முகடு தோன்றும். அதைத் தனி வகைக் கோபாலிமர் என்று எழுதிவைத்த அறிக்கைகள் அரிதல்ல. பைண்டரில் ஓரிரு விழுக்காடு அமில மோனோமர் இருந்தால் முகடு வால் நீளும். ஓட்டத்தில் சிறிது ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் அடங்கும். அக்ரிலோநைட்ரைல் மிகுந்த பலபடி டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரையாது; டைமெத்தில் ஃபார்மமைடும் லித்தியம் புரோமைடும் தேவைப்படும். உணர்கருவியும் சிக்கல்தான்: ஒளிவிலகல் அளவி கரைப்பான் மாறினாலே திசைமாறும், புற ஊதா ஒளியில் ஸ்டைரீன் தெரியும் அளவுக்கு அக்ரிலேட் தெரியாது. கரைப்பானை ஆவியாக்கி மிஞ்சும் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை அளப்பதே வழக்கம், அதன் பதில் அளவுக்கு நேர்விகிதமாக இராது என்றாலும்.

மூன்றாவதாக ஒரு நுட்பமும் உண்டு. துளை நீளத்தைத் தண்டிக்கும் விதமும் பரப்பு ஈர்ப்பு நீளத்தைத் தண்டிக்கும் விதமும் எதிரெதிரானவை. ஒரு குறிப்பிட்ட கரைப்பான் கலவையில், ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் இரண்டும் சரிக்குச் சரியாகி, ஒரு மோனோமரின் சங்கிலி எவ்வளவு நீளமானாலும் ஒரே நேரத்தில் வெளியேறும். சோவியத் ஒன்றியத்தில் பெலென்கி, என்டெலிஸ் முதலியோர் உருவாக்கிய இந்த மாறுநிலை வண்ணப்பிரிகையில் அந்த மோனோமர் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. சங்கிலியின் எஞ்சிய பகுதியும் முனைத்தொகுதியும் மட்டும் பேசும். எத்திலீன் ஆக்சைடு, புரோப்பிலீன் ஆக்சைடு துண்டுகள் கொண்ட நுரையடக்கிகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

எடை சொல்லும் கதை

நிறைநிறமாலை மூலக்கூறை அயனியாக்கி அதன் நிறையை நேரடியாகச் சொல்கிறது. பெரிய மூலக்கூறை உடைக்காமல் பறக்கவிடுவதுதான் இதில் நெடுநாள் தடையாக இருந்தது. மால்கம் டோல் 1968இல் மின்தெளிப்பால் அதை முயன்றபோது எடுத்துக்கொண்ட பொருள் பாலிஸ்டைரீன். அவருடைய எண்ணத்தைத் தொடர்ந்த ஜான் ஃபென் 1980களில் பல மின்சுமைகள் ஏறிய அயனிகளை முதலில் தெளிவாகக் காட்டியதும் பாலிஎத்திலீன் கிளைக்காலில்தான். லேசர் வழியில் கொய்ச்சி டனக்கா 1988இல் வெளியிட்ட கட்டுரையிலும் புரதங்களோடு செயற்கைப் பலபடி இடம்பெற்றது. இருவருக்கும் 2002இல் நோபல் பரிசு உயிர் மூலக்கூறுகளின் பெயரால் கிடைத்தது. இத்துறை பலபடி வேதியியலுக்குப் பட்ட கடன் பாடநூல்களில் போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

கணக்கு எளியது. டோடெசைல் மெர்காப்டனைச் சங்கிலி மாற்றியாகப் பயன்படுத்திச் செய்த அக்ரிலிக் சங்கிலியில் மூன்று பியூட்டைல் அக்ரிலேட்டும் இரண்டு மெத்தில் மெத்தாக்ரிலேட்டும் இருந்து ஒரு சோடியம் அயனி ஒட்டிக்கொண்டால், முனைக்கு 202.18, நடுவுக்கு 384.25, 200.10, சோடியத்துக்கு 22.99 என்று கூட்டி 809.52 வரும். அளந்த நிறை அதுவானால் மோனோமர் எண்ணிக்கையும் முனையும் ஒருசேரத் தெரிந்துவிடும். முனை தெரிந்தால் எந்தத் துவக்கி, எந்தச் சங்கிலி மாற்றி என்று தயாரிப்பு முறையையே ஊகிக்கலாம். பெயர் மாறி வரும் இரு வணிகப் பொருள்கள் ஒரே பாத்திரத்தில் பிறந்தவையா என்ற கேள்விக்கு இதைவிட உறுதியான சான்று இல்லை.

ஆனால் எடைக்கும் குருட்டுப் புள்ளி உண்டு. அது தோல் பைண்டர்களில்தான் மிக மோசமாக வந்து அமைகிறது. மெத்தில் மெத்தாக்ரிலேட்டும் எத்தில் அக்ரிலேட்டும் மாற்றியங்கள். இரண்டின் நிறையும் 100.052. ஒன்று படலத்தைக் கடினமாக்கும், மற்றது இளக்கும். இரண்டையும் ஒரே பைண்டரில் சேர்ப்பது வழக்கம். நிறைநிறமாலைக்கு இரண்டும் ஒன்றே, எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் சரி. அதேபோல் மெத்தாக்ரிலிக் அமிலம், மெத்தில் அக்ரிலேட், வினைல் அசிட்டேட் மூன்றும் 86.037. அயனியை மோதவிட்டு உடைத்துப் பார்த்தால் ஓரளவு பிரித்தறியலாம்: பியூட்டைல் அக்ரிலேட் அலகு பியூட்டீனையோ பியூட்டனாலையோ உதிர்க்கும், மெத்தாக்ரிலேட் சங்கிலி மோனோமராகக் கழன்றுவரும் நாட்டம் கொண்டது.

ரீடேனிங் அமிலங்களில் இந்தப் பொறி இன்னும் நுட்பமானது. பாலி அமிலத்தைக் கரிமக் கரைப்பானில் கொண்டுவர அதை மெத்தில் எஸ்டராக்குவது பழகிய வழி. அப்படிச் செய்தால் மெத்தாக்ரிலிக் அமில அலகு மெத்தில் மெத்தாக்ரிலேட்டாகவே ஆகிவிடும். தயாரித்தவர் ஏற்கெனவே சேர்த்திருந்த மெத்தில் மெத்தாக்ரிலேட்டோடு கலந்துபோகும். தப்பிக்க எத்தில் எஸ்டராக்கினால் அக்ரிலிக் அமிலம் எத்தில் அக்ரிலேட்டாகி மறுபடியும் 100.052. டியூட்டிரியம் ஏற்றிய மெத்தில் தொகுதியைப் பயன்படுத்தினால் மட்டுமே மெத்தாக்ரிலிக் அமில அலகு 103.071 என்று விலகி நின்று தன்னை அடையாளம் காட்டும்.

எத்திலீன் ஆக்சைடும் (44.026) புரோப்பிலீன் ஆக்சைடும் (58.042) சேர்ந்த கோபாலிமர்களில் சிக்கல் வேறு. மூன்று புரோப்பிலீன் ஆக்சைடின் இடத்தில் நான்கு எத்திலீன் ஆக்சைடு வந்தால் நிறை 1.979 கூடும். இரண்டு கார்பன்-13 அணுக்கள் கொண்ட ஐசோடோப்பு முகடு 2.007 தள்ளி வரும். இரண்டுக்கும் இடைவெளி 0.027. நிறை 1000 உள்ள அயனியில் இதைப் பிரிக்க 36,000க்கு மேல் பிரிதிறன் தேவை. பழைய கருவிகளில் இரு வேறு சங்கிலிகள் ஒரே முகடாக உருகிப் படிக்கப்பட்டன. இன்றைய ஆர்பிட்ராப்பும் நல்ல பறத்தல்நேரக் கருவியும் இதைச் சமாளிக்கும். நூற்றுக்கணக்கான முகடுகளைக் கண்ணுக்குப் புலனாகும்படி அடுக்க, எட்வர்ட் கெண்ட்ரிக் 1963இல் ஹைட்ரோகார்பன்களுக்கு வகுத்த உபாயம் பலபடிக்கும் பொருந்துகிறது. எத்திலீன் ஆக்சைடு சரியாக 44 என்று வைத்து எல்லா நிறைகளையும் மாற்றி எழுதினால், எத்திலீன் ஆக்சைடு எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் சங்கிலிகளுக்கு ஒரே தசம மிச்சம் கிடைத்துக் கிடைக்கோட்டில் நிற்கும். ஒவ்வொரு புரோப்பிலீன் ஆக்சைடும் மிச்சத்தை 0.0073 அளவு உயர்த்தும். குழப்பமாக இருந்த நிறமாலை வரிசை வரிசையாகப் படிக்கத்தக்க வரைபடமாகிவிடுகிறது.

இரண்டையும் சேர்த்தல்

தனித்தனியே இரண்டு முறைகளும் குறையுடையவை என்பதால்தான் இணைப்பு தேவைப்படுகிறது. நிறைப் பரவல் அகலமானால் நிறைநிறமாலை குட்டைச் சங்கிலிகளுக்கே ஓரவஞ்சனை செய்யும். எடைச் சராசரியை எண் சராசரியால் வகுத்த ஈவு ஏறக்குறைய 1.2ஐத் தாண்டினால், லேசரால் அயனியாக்கும் மால்டி முறை தரும் சராசரியை நம்பக் கூடாது. தோல் தொழிலின் கோபாலிமர்களில் பெரும்பாலானவை அந்த எல்லையை வெகுதூரம் தாண்டியவை. முதலில் வண்ணப்பிரிகையால் குறுகிய பகுதிகளாக வெட்டி, ஒவ்வொரு பகுதியையும் எடைபோட்டால் ஓரவஞ்சனை மறையும். கூடவே அந்தப் பகுதிகளே ஜி.பி.சி.க்கு உண்மையான அளவுகோலாகவும் அமையும்.

ஓட்டத்திலேயே நேரடியாக இணைப்பது கேட்க இனிமையாக இருந்தாலும் இரு கருவிகளும் ஒரே உணவை உண்பதில்லை. நீரில் கரையும் ரீடேனிங் பலபடிக்கு ஜி.பி.சி.யில் சோடியம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தேவை. ஆவியாகாத அந்த உப்புகள் மின்தெளிப்பு வாயை அடைத்துவிடும். அம்மோனியம் அசிட்டேட்டுக்கு மாறினால் பிரிகை சற்றுக் கெடும், ஆனாலும் வேலை நடக்கும். டெட்ராஹைட்ரோஃபியூரான் ஓட்டத்தில் பலபடியை அயனியாக்க, குழாயைக் கடந்த பிறகு சிறிது சோடியம் உப்பைத் தனியே கலக்க வேண்டும். அந்தக் கரைப்பான் சில நெகிழிக் குழாய்களையும் ஊதவைக்கும். மின்தெளிப்பில் ஒரே சங்கிலி இரண்டு, மூன்று, நான்கு மின்சுமைகளோடு பலமுறை தோன்றுவதால் முகடுகளின் நெரிசல் தனி. ஆகவே ஏறக்குறைய 3,000க்கு உட்பட்ட கோபாலிமருக்கு நேரடி இணைப்பும், அதற்கு மேல் பகுதிகளைச் சேகரித்து மால்டித் தட்டில் வைப்பதும் நடைமுறைக்கு ஏற்றவை. சரிவுக் கழுவலையும் ஜி.பி.சி.யையும் அடுத்தடுத்து இணைத்து இயைபை ஓர் அச்சிலும் அளவை மறு அச்சிலும் வரையும் இருபரிமாண வண்ணப்பிரிகை முழுப் படத்தைத் தரும். ஆனால் அது நேரமும் பணமும் கேட்கும் ஆராய்ச்சிக்கூட வேலை; சரக்குக்குச் சரக்கு சோதிக்க வேண்டிய டேனரிக்கு அது தேவையில்லை.

சட்டமும் ஆறும்

இந்தப் பகுப்பாய்வு வட்டாரத்துக்குள் வருவதற்கு வாடிக்கையாளரும் சட்டமும் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரீச் விதிப்படி ஒரு பொருள் பலபடி எனக் கொள்ளப்பட, மூன்று மோனோமர் அலகுகளாவது கோத்து இன்னொன்றோடும் பிணைந்த சங்கிலிகள் எடையில் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே நிறையுள்ள எந்த இனமும் பாதியை எட்டக் கூடாது. பலபடிக்குப் பதிவு விலக்கு உண்டு, மோனோமருக்கு இல்லை. குட்டைச் சங்கிலிகள் மிகுந்த ஒரு ரீடேனிங் பொருள் எந்தப் பக்கம் விழுகிறது என்பதை ஜி.பி.சி.யும் நிறைநிறமாலையும்தான் காட்ட முடியும்.

சட்டம் தொட்ட இன்னொரு பொருளான நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் கண்டிப்பாகச் சொன்னால் கோபாலிமர் அல்ல. ஒரே மோனோமரின் வாலும் கொழுப்பு விரும்பும் தலையும் கொண்ட நெருங்கிய உறவு. பைண்டர் பால்மங்களைக் கலங்காமல் வைத்திருக்கவும் ஆட்டுத்தோலின் கொழுப்பை நீக்கவும் ஒருகாலத்தில் தாராளமாகப் பயன்பட்டது. 2003ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறியுரை, கழிவுநீரில் கலக்க விடாத அமைப்புகள் நீங்கலாக, தோல் பதனிடும் வேலையில் இதை 0.1 விழுக்காட்டுக்குள் முடக்கியது. தோலில் இதை நேரடியாக அளக்கும் ஐ.எஸ்.ஓ. 18218-1 என்ற சோதனை முறை நீர்ம வண்ணப்பிரிகையையும் நிறைநிறமாலையையும் சேர்த்தே செல்கிறது. ஒன்பது எத்திலீன் ஆக்சைடு கொண்ட மூலக்கூறு அம்மோனியத்தை ஏற்று 634.45இல் தோன்றும், இருபுறமும் 44.03 இடைவெளியில் அதன் உடன்பிறப்புகள் வரிசைகட்டும். முன்பின் அறியாத பைண்டர் ஒன்றைச் சோதிக்கும்போது பல நேரங்களில் முதலில் கண்ணில் படுவது கோபாலிமர் அன்று, இந்த வரிசைதான்.

உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியாக அறிவித்தது. பாலாற்றுக் கரையில் அதன்பின் எழுந்த விவாதம் பெரும்பாலும் உப்பையும் குரோமியத்தையும் பற்றியது. டிரம்மிலிருந்து வடியும் அக்ரிலிக் பலபடி, கழிவுநீர்ச் சோதனைப் பட்டியலில் சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) என்ற ஒற்றை எண்ணுக்குள் கரைந்துபோகிறது. இது சரியன்று. கார்பன் முதுகெலும்புள்ள நீண்ட அக்ரிலிக் சங்கிலிகளை நுண்ணுயிர்கள் எளிதில் உண்பதில்லை. ஒரு பகுதி சேற்றில் படியும், கரைந்து நிற்கும் பகுதி ஆர்.ஓ. சவ்வில் ஒட்டும். எந்த நீளம் எங்கே போகிறது என்பது சராசரிகளால் தெரியாது. கழிவுநீரில் உப்பும் டானினும் சாயமும் மலிந்திருப்பதால் நேரடியாக நிறைநிறமாலைக்கு அனுப்பவும் இயலாது. சவ்வூடு பிரிப்பால் உப்பை நீக்கி, உறையவைத்து உலர்த்தி, பிறகு பிரிகைக்குழாய்க்குக் கொண்டுசெல்ல வேண்டும். உழைப்பு மிகுந்த வேலைதான், ஆனால் செய்யத்தக்கது.

முறையின் எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். பிரிப்பதற்கும் எடைபோடுவதற்கும் முதல் நிபந்தனை கரைவது. என்-மெத்திலால் அக்ரிலமைடு போன்றவற்றால் தோல்மேலேயே குறுக்கிணைந்துவிட்ட ஃபினிஷ் படலம் எந்தக் கரைப்பானிலும் கரையாது. வீங்க மட்டும் செய்யும். அதை வெப்பத்தால் சிதைத்து ஆவியை வாயு வண்ணப்பிரிகைக்கு அனுப்புவதே வழி. மெத்தில் மெத்தாக்ரிலேட் ஏறக்குறைய முழுமையாக மோனோமராகக் கழன்றுவருவதும், எத்தில் அக்ரிலேட் எத்தனாலும் குட்டைத் துண்டுகளுமாகச் சிதைவதும் அங்கே தெளிவாகப் பிரிந்து தெரியும். 100.052 என்ற குருட்டுப் புள்ளி இந்த முறையில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் எந்தச் சங்கிலியில் எது இருந்தது என்ற செய்தி அதோடு எரிந்துபோகும்.

படலமான பிறகு தகராறு எழுந்தால் இயைபுப் பரவலை மீட்கவே முடியாது. எனவே பைண்டரோ ரீடேனிங் பொருளோ வந்து இறங்கிய அன்றே, ஒவ்வொரு லாட்டிலிருந்தும் 100 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, லாட் எண்ணும் தேதியும் எழுதி, வெயில் படாத அறையில் வைக்க வேண்டும். உறைவிப்பானில் வைத்தால் பால்மம் உடைந்துவிடும். ஆகவே அது கூடாது. அந்தத் தோல் ஷூவாகிக் கப்பலேறி வாடிக்கையாளரின் கணக்கு முடியும்வரை குப்பியை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.